தர்மபுரில நாலு வருஷ காலேஜ் கோச்சிங் பேக்கேஜ்: 5க்கு 3 ஸ்டார், அதுல ரெண்டு சனிக்கிழம சாருக்கு

சென்டர் பேரு போட மாட்டேன், கேக்காதீங்க. நான் பாலக்கோட்டுல தையக்கட வெச்சிருக்கேன், அந்த சென்டர்ல பார்ட்னரா இருக்கறவரு வீட்டு ஜாக்கெட்டு எல்லாம் என்கிட்ட தான் தைக்க வருது, தீவாளி சமயத்துல எதுக்கு வம்பு. தர்மபுரி டவுன்ல இருக்குது, மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அவ்ளோ தான் சொல்லுவேன். இதே மாதிரி பேக்கேஜ் இப்ப கிருஷ்ணகிரி, ஓசூர்னு எல்லா ஊர்லயும் விக்கறாங்க, அதனால பேர விட உள்ள என்ன குடுக்கறாங்க, எதுக்கு காசு குடுக்கலாம் எதுக்கு குடுக்கக் கூடாதுன்னு தெரிஞ்சா போதும்.

2021 செப்டம்பர்ல, கொரோனாவுக்கப்பறம் ஸ்கூல் தொறந்த ஒடனே, எம்பொண்ணு ஒன்பதாவது. ஆறாவதுலருந்து கவர்மென்ட் ஸ்கூல் தான், தமிழ் மீடியம். ஒன்றர வருஷம் போன்லயே படிச்சதுல புள்ளைக்கு எல்லாம் மறந்து போச்சேன்னு பயந்துகிட்டு இருந்தப்ப தான் இவங்க நோட்டீஸ் கையில கெடச்சுது, ஒன்பதாவதுலருந்தே காலேஜுக்கு தயார் பண்றோம்னு. ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு, அக்கா அக்கான்னு நல்லா தான் பேசுச்சு. ஒன்பதாவதுக்கு 18,000, பத்தாவதுக்கு 18,000, பதினொண்ணுக்கு 35,000, பன்னெண்டுக்கு 40,000, தனித்தனியா கட்டுனா 1,11,000 ஆவும்க்கா, இப்பவே பேக்கேஜா போட்டா 95,000, ரெண்டு தவணன்னு கால்குலேட்டர்ல தட்டி காட்டுச்சு. 16,000 மிச்சம்னு எனக்கு அது தான் கண்ணுல பட்டுது. சீட்டு எடுத்து கட்டுனோம். ஃபார்ம்ல கீழ பொடி எழுத்துல கட்டுன பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாதுன்னு இருந்தத வீட்டுக்கு வந்து தான் எங்க வீட்டுக்காரரு படிச்சி காட்டுனாரு.

ஒன்பதாவது வருஷம் சுத்த வேஸ்ட்டுங்க. ஐஐடி பவுண்டேஷன்னு சொல்லி நாலு தடி புக்கு குடுத்தாங்க, எல்லாம் இங்கிலீஷ். சொல்லித்தர வந்தவரு ஆந்திராக்காரரு, நல்ல மனுஷன் தான், ஆனா அவருக்கு தமிழ் வராது, எங்க புள்ளைங்களுக்கு இங்கிலீஷ்ல கணக்கு புரியாது, ரெண்டு பக்கமும் ஒருத்தர ஒருத்தரு பாத்துகிட்டு ஒரு மணி நேரம் ஓடிடும். என் பொண்ணுக்கு அப்ப வேண்டியது ஐஐடி இல்ல, பின்னம் கூட்டறதும் மைனஸ் குறி மாத்தறதும் தான், அத கேட்டா அதெல்லாம் ஸ்கூல்ல பாத்துப்பாங்கம்மான்னுட்டாங்க. இத்தனைக்கும் இன்ஜினியரிங்குக்கு ஜேஇஇ மெயின், டாக்டருக்கு நீட், ரெண்டுமே தமிழ்லயே எழுதலாம், 13 மொழில கேள்வித்தாள் வருது, ஆனா இவங்க கிட்ட தமிழ்ல ஒரு பக்கம் மெட்டீரியல் கூட கெடையாது. அந்த நாலு புக்கையும் இப்ப நான் துணி வெட்டும்போது நகராம இருக்க மேல வெயிட்டுக்கு வெக்கறேன், பாலியஸ்டர் துணிக்கு அருமையா நிக்குது.

அப்பறம் ஏன் மூணு ஸ்டார்னா, சனிக்கிழம சார்.

இவரு ரிட்டையர்டு கவர்மென்ட் ஹெட்மாஸ்டர். வாரத்துல ஒரு நாள், சனிக்கிழம சாயங்காலம் 5லருந்து 6. டைம்டேபிள்ல வழிகாட்டுதல்னு போட்டிருக்கும், பாதி பேரு அந்த நேரத்துல கெளம்பிடுவாங்க. அவரு கிட்ட ஒரு லாங் சைஸ் நோட்டு, ஒரு புள்ளைக்கு ஒரு பக்கம். மேல ஸ்கூல்ல புள்ளைக்கு குடுக்கற ஈஎம்ஐஎஸ் நம்பரு, அதுக்கு கீழ ஆதார்ல பேரு எப்படி இருக்குது, ஸ்கூல் ரெக்கார்டுல எப்படி இருக்குது, ஜாதி சான்றிதழ் இருக்கா, வருமானம் எப்ப எடுத்தது, புள்ள பேருல பேங்க் அக்கவுண்ட் இருக்கா, வீட்ல யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களா. பென்சில்ல டிக்கு போடுவாரு, வேல முடிஞ்சா தான் பேனா.

மொத நாளே என் பொண்ணு பக்கத்துல செவப்புல ஒரு சுழி போட்டாரு. ஆதார்ல இங்கிலீஷ்ல அவ பேருல ஒரு எழுத்து அதிகமா இருந்துச்சு, இனிஷியல் பேருக்கு பின்னால இருந்துச்சு, ஸ்கூல்ல முன்னால. நான் இது ஒரு விஷயமான்னு நெனச்சேன். "ஏம்மா, பத்தாவது பரீட்சைக்கு பேர் பட்டியல், அந்த நாமினல் ரோல் போறதுக்குள்ள ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அதுக்கப்பறம் மார்க் ஷீட்ல அச்சாயிடுச்சுன்னா நீ சென்னைக்கு அலையணும்"னாரு. ஆதார் சென்டருக்கு மூணு தடவ போனோம், மொத தடவ சர்வர் இல்ல, ரெண்டாவது தடவ ஸ்கூல்ல குடுத்த லெட்டர்ல சீல் சரியா விழல, மூணாவது தடவ தான் ஆச்சு. அன்னிக்கு கடைய மூடிட்டு போனதுல ரெண்டு கஸ்டமரு திட்டுனாங்க. ஆனா நாலு வருஷம் கழிச்சி அப்ளிகேஷன் போடும்போது கூட படிச்ச ஒரு பையன் இதே பிரச்சனைக்காக அழுதுகிட்டு நின்னான், எங்களுது ஒரே நிமிஷத்துல ஓகே ஆச்சு.

ஸ்காலர்ஷிப் பரீட்ச எல்லாம் அவரு நோட்டுல தான் தெரிஞ்சுது. எட்டாவதுல என்எம்எம்எஸ்னு ஒண்ணு, பாஸாகி செலக்ட் ஆனா ஒன்பதாவதுலருந்து பன்னெண்டு வரைக்கும் மாசம் 1,000, நாங்க ஒன்பதாவதுல வந்ததால அது போச்சு. ஒன்பதாவதுல கிராமத்து புள்ளைங்களுக்கு ஊரகத் திறனாய்வு. என் பொண்ணு பதினொண்ணு படிச்சப்ப ரெண்டு. தமிழ் இலக்கியத் திறனறி தேர்வு, 1,500 பேர எடுத்து ரெண்டு வருஷம் மாசம் 1,500 தராங்க. இன்னொண்ணு முதலமைச்சர் திறனாய்வு, கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு மட்டும், 1,000 பேருக்கு டிகிரி முடிக்கற வரைக்கும் வருஷம் 10,000. 2023ல தான் அது மொதமொத நடந்துச்சு, என் பொண்ணு அந்த செட்டு தான், ரெண்டும் எழுதுனா, ரெண்டும் வரல. கூட எழுதுன ஒரு புள்ளைக்கு தமிழ்ல வந்துச்சு. பரவால்ல, வட்டம் கறுப்பாக்கற ஓஎம்ஆர் ஷீட்ட கைல புடிச்சி பழகுனா. இதெல்லாம் ஸ்கூல்லயே சொல்றாங்க தான், ஆனா பிரேயர்ல ஒரு தடவ சொல்லிட்டு போர்டுல ஒட்டிடுவாங்க, கடைசி தேதி எவனுக்கு ஞாபகம் இருக்கும். இவரு மட்டும் போன் போட்டு கேப்பாரு.

2023 மே 19ல பத்தாவது ரிசல்ட்டு, 431. குரூப் எடுக்கணும். இங்க தான் அந்த சென்டரோட சுயரூபம் தெரிஞ்சுது. ஆபீஸ்ல இருந்தவரு மார்க்க பாத்த ஒடனே பயோ மேத்ஸ் எழுதிட்டாரு, கேக்கவே இல்ல. ரெண்டு கதவும் தொறந்து இருக்கும்மா, நீட்டும் எழுதலாம் இன்ஜினியரிங்கும் போலாம்னாரு. அது பொய் இல்ல, ஆனா நீட் பேட்ச்சுக்கு ஆள் சேக்கறாங்கன்னு அப்பறமா தான் புரிஞ்சுது.

சார் சனிக்கிழம அவள தனியா ஒக்கார வெச்சாரு. என்ன ஆவணும்னு கேக்கல. "எந்த புக்க தொறந்தா தூக்கம் வருது பாப்பா?"ன்னாரு. அவ சிரிச்சிட்டு, பயாலஜி படம் போட பிடிக்கும் சார், பேரெல்லாம் மனப்பாடம் பண்ண சொன்னா தூக்கம் வரும்னா. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல, ஒரு பேப்பர எடுத்து கோடு போட்டாரு. இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் மேத்ஸ் எடுத்தா என்னென்ன போலாம், அந்தப் பக்கம் என்னென்ன கதவு சாத்திக்கும். நீட் சாத்திக்கும், கால்நட டாக்டரு சாத்திக்கும், பிஎஸ்சி நர்சிங் சாத்திக்கும். "சாத்தறது தப்பில்லம்மா, தெரிஞ்சி சாத்தணும்"னு என்ன பாத்து சொன்னாரு. அவ தெரிஞ்சே தான் சாத்துனா. எங்க தெருவுலயே ஒரு புள்ள கணக்கு வேணாம்னு ப்யூர் சயின்ஸ் எடுத்துட்டு நீட்டும் வராம இப்ப இன்ஜினியரிங்குக்கு ஆசப்பட்டு ஒக்காந்திருக்கு, கணக்கு இல்லாம அந்த கவுன்சிலிங்ல எங்கிருந்து கட்ஆஃப் போடறது.

அதே வாரம் இன்னொரு கூத்து. ஆபீஸ்காரரு எங்க வீட்டுக்காரரையும் கூப்ட்டு ஒக்கார வெச்சி காபி எல்லாம் வாங்கி குடுத்தாரு. பதினொண்ணுலருந்து எங்களோட டையப் வெச்சிருக்கற பிரைவேட் ஸ்கூலுக்கு மாத்திடுங்க, ஹாஸ்டல், காலைல நாலரைக்கு எழுப்பி படிக்க வெப்போம், வருஷம் 1,60,000, பேக்கேஜ் காச கழிச்சிக்கறோம், கவர்மென்ட் ஸ்கூல்ல பன்னெண்டாவது படிச்சி என்னங்க பண்ணப் போறீங்கன்னாரு. எங்க வீட்டுக்காரரு ஓசூர்ல கம்பெனி வேல, நைட் ஷிஃப்ட் பாத்துட்டு தூக்கக் கலக்கத்துல ஆமான்னு தலையாட்டிட்டாரு. நானும் பாதி மனசு ஒத்துகிட்டேன், நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல சேத்தவங்க பேசற பேச்செல்லாம் கேட்டிருக்கோம்ல.

கெளம்பும்போது தண்ணி கேன் கிட்ட சார் நின்னுட்டு இருந்தாரு. டம்ளர கழுவற மாதிரி பாவன பண்ணிகிட்டே மெதுவா சொன்னாரு. "ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் மொத்தமும் கவர்மென்ட் ஸ்கூல்ல இருந்தா தான் காலேஜ் சீட்டுல 7.5 சதவீத ஒதுக்கீடு. ஒரு வருஷம் மாறுனாலும் போச்சு. யோசிச்சி பண்ணுங்கம்மா." அவ்ளோ தான், டம்ளர கவுத்து வெச்சிட்டு போய்ட்டாரு.

வீட்டுக்கு வந்து விசாரிச்சா முழுசும் உண்ம. 2020ல மெடிக்கலுக்கு கொண்டு வந்தாங்க, 2021ல இன்ஜினியரிங், விவசாயம், கால்நட, மீன்வளம், சட்டம்னு நீட்டிட்டாங்க, அதுல சீட்டு கெடச்சா படிப்பு பீஸு ஹாஸ்டல் பீஸு எல்லாம் கவர்மென்ட்டே கட்டுது. பொம்பளப் புள்ளைங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வேற, பசங்களுக்கு 2024லருந்து தமிழ்ப் புதல்வன். டையப் ஸ்கூலுக்கு ரெண்டு வருஷத்துக்கு 3,20,000 கட்டி இது எல்லாத்தையும் தொலைக்க சொல்லி இருக்காரு அந்த மனுஷன், காபி வாங்கி குடுத்து. அவருக்கு தெரியாதுன்னு நான் நம்ப மாட்டேன். இத படிக்கற யாராவது கவர்மென்ட் ஸ்கூல்ல பத்தாவது முடிச்ச புள்ளைய வெச்சிருந்தீங்கன்னா இந்த ஒரு பாராவ மட்டும் வீட்டுக்காரர் கிட்ட காட்டுங்க.

பதினொண்ணு. அக்டோபர் மாசமே பன்னெண்டாவது பாடத்த ஆரம்பிச்சிட்டாங்க. கேட்டா பதினொண்ணு மார்க்கு கட்ஆஃப்ல சேராதும்மான்னு பதிலு. சேராது தான், இன்ஜினியரிங் கட்ஆஃப் பன்னெண்டாவது மார்க்குல மட்டும் தான் போடறாங்க. ஆனா பதினொண்ணு கணக்குல ரெண்டாவது புக்குல தான் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் ஆரம்பமே, அத தாண்டி குதிச்சா பன்னெண்டாவதுல எதுல நிக்கறது. ஜேஇஇல பதினொண்ணு பாடமும் சேத்து தான் கேக்கறான். என் பொண்ண காப்பாத்துனது அவ ஸ்கூல் கணக்கு டீச்சரு, அவங்க ஒரு கணக்கு விடாம நடத்துனாங்க, மார்ச்சுல பப்ளிக் இருந்ததால. இப்ப 2025-26லருந்து பதினொண்ணுக்கு பப்ளிக் எக்ஸாம் எடுத்துட்டாங்க, இனிமே இந்த மாதிரி சென்டருங்க பதினொண்ணாவது புக்க தொறப்பாங்களான்னே எனக்கு சந்தேகம். சேக்கறதுக்கு முன்னாடி நேரா கேளுங்க, பதினொண்ணு பாடம் எந்த மாசம் வரைக்கும் நடத்துவீங்கன்னு, முழிச்சா எறங்கி வந்துடுங்க.

பன்னெண்டாவது வருஷம் பரவால்ல, நேர்மையா சொல்லணும்ல. கெமிஸ்ட்ரி மேடம் தங்கம். ஞாயித்துக்கிழம டெஸ்ட்டு கரெக்டா நடந்துச்சு, திருத்துன பேப்பரு செவ்வாக்கிழம கைக்கு வந்துடும், எந்த எடத்துல ஒரு மார்க்கு போச்சுன்னு சுழிச்சி இருக்கும். பிசிக்ஸுக்கு தான் ஒரே வருஷத்துல மூணு பேரு மாறுனாங்க, மூணாவது ஆளு ஜனவரில வந்து மறுபடி மின்னியல் மொத பாடத்துலருந்து ஆரம்பிச்சாரு, புள்ளைங்க தலைல கை வெச்சிடுச்சுங்க. ஒரு ரூமுக்கு 60 பேருக்கு மேல. பொண்ணுங்களுக்கு மூணாவது மாடில ஒரே பாத்ரூம், கோடைல தண்ணி வராது, நாங்க அம்மாங்க நாலு பேரு போய் சத்தம் போட்டப்பறம் ஒரு டிரம்மும் மக்கும் வெச்சாங்க. கிளாஸ் முடிய எட்டு ஆவும். டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் இல்ல தான், ஆனா அந்த நேரத்துக்கு அது வரணுமே. பாதி நாளு நான் கடைய சாத்திட்டு வந்து பஸ் ஸ்டாண்டுல நிப்பட்டு கடிச்சிகிட்டு நின்னு கூட்டிட்டு போவேன். வேன் கேட்டதுக்கு ஏற்பாடு பண்ணாங்க, மாசம் 900 தனி. 95,000த்துல இதெல்லாம் அடக்கம்னு தான மொதல்ல சொன்னீங்கன்னு கேட்டேன், அது அகாடமிக் பேக்கேஜுக்கான்னு அந்த ரிசப்ஷன் பொண்ணு சொல்லிச்சு. அதுக்கு என்ன தெரியும் பாவம், சம்பளத்துக்கு நிக்குது.

2025 மே 8 ரிசல்ட்டு. கணக்கு 91, பிசிக்ஸ் 84, கெமிஸ்ட்ரி 85. கட்ஆஃப் எப்படி போடறதுன்னு தெரியாதவங்களுக்கு, கணக்கு அப்படியே 91, மத்த ரெண்டையும் பாதி ஆக்கணும், 42, 42.5, மொத்தம் 200க்கு 175.5. சென்டர்ல இத போர்டுல போடல, 190க்கு மேல வாங்குன புள்ளைங்க போட்டோ மட்டும் தான் ஃபிளெக்ஸ்ல. எங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல, அவளுக்கு கொஞ்சம் இருந்துச்சு.

கவுன்சிலிங்ல எந்த காலேஜ் வேணும்னு வரிசையா நெரப்பற சாய்ஸ் ஃபில்லிங் தான் மொத்த நாலு வருஷத்துலயும் நான் குடுத்த காசுக்கு பொருளா வாங்குனது. கவுன்சிலிங் எல்லாம் 2018லருந்து ஆன்லைன் தான், எங்க இருந்து வேணா போன்லயே போடலாம், பிரவுசிங் சென்டர்ல 300 குடுத்தா அவனே எதையோ நெரப்பி தருவான், அப்படி நெரப்பி சம்பந்தமே இல்லாத காலேஜுக்கு போன புள்ளைங்கள எனக்கே தெரியும். சார் ஒரு சாயங்காலம் மூணு மணி நேரம் எங்களுக்காக ஒக்காந்தாரு. டிஎன்இஏன்னு அந்த இன்ஜினியரிங் கவுன்சிலிங் சைட்ல போன வருஷத்து கட்ஆஃப் ஜாதி வாரியா போட்டிருக்காங்க, அத பிரிண்ட் எடுத்துட்டு வர சொன்னாரு. மொதல்ல நோட்டுல பென்சில்ல எழுத சொன்னாரு, போன தொடவே விடல.

என் பொண்ணு எது கெடைக்குமோ அத மேல போட்டா. செட்டிக்கரை அரசு இன்ஜினியரிங் காலேஜ், தர்மபுரிலயே இருக்குது, போய்ட்டு வந்துடலாம்னு நானும் அதயே சொன்னேன். ரப்பர எடுத்து அழிச்சிட்டாரு. "எது கெடைக்கும்னு கம்ப்யூட்டரு பாத்துக்கும் பாப்பா, உனக்கு எது வேணுமோ அத மட்டும் நீ வரிசையா எழுது. மேல இருக்கறது கெடைக்கலன்னா தான் கீழ வரும், கீழ இருக்கறது உன்ன விட்டு எங்கயும் ஓடாது." கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் மேல போச்சு, குரோம்பேட்ட, கோயம்புத்தூர் ஜிசிடி, சேலம் கருப்பூர், அப்பறம் பர்கூர் அரசு காலேஜ்ல ஈசிஇங்கற எலக்ட்ரானிக்ஸ் படிப்பு, அதுக்கு கீழ தான் செட்டிக்கரை. எத்தன வேணா போடலாம், அளவு இல்லைன்னதும் 74 போட்டா. நான் பர்கூர் தூரமாச்சேன்னு முணுமுணுத்தேன். "ஏம்மா, நீயா படிக்கப் போற?"ன்னு கேட்டாரு, நான் வாய மூடிகிட்டேன்.

ரெண்டாவது ரவுண்டு. மொதல்ல கெடச்சது செட்டிக்கரைல டிரிபிள்இங்கற எலக்ட்ரிகல் படிப்பு. எனக்கு ஒரே சந்தோஷம், சரி ஜாயின் பண்ணிடலாம்னு இருந்தேன். அங்க அஞ்சு பட்டன் வருது பாருங்க, அதுல தான் நெறைய பேரு ஏமாந்து போறாங்க. அக்செப்ட் அண்ட் ஜாயின்னு அமுக்குனா அதோட கத முடிஞ்சுது. அக்செப்ட் அண்ட் அப்வேர்டுன்னு குடுத்தா கெடச்ச சீட்டு கைல இருக்கும், மேல வரிசைல எது காலியானாலும் நகந்து போலாம். டிக்ளைன்னு ஆரம்பிக்கற பக்கம் போனா கைல இருக்கறது போயிடும். சாருக்கு போன் போட்டேன், ராத்திரி ஒம்போதர மணி, சாப்ட்டுகிட்டு இருந்தாரு போல, வாய்ல சோத்தோட "ரெண்டாவது பட்டன்"னு சொல்லிட்டு வெச்சிட்டாரு. ரெண்டாவது பட்டன் தான் அமுக்குனா. பர்கூர் ஈசிஇ நகந்து வந்துடுச்சு, 7.5ல. பீஸு இல்ல. கிருஷ்ணகிரில பஸ் மாறி போறது தூரம்னு இப்ப ஹாஸ்டல்லயே இருக்கா, மாசம் 1,000 அவ அக்கவுண்டுல வந்து விழுது, அதுல எனக்கு ஒரு தடவ கத்தரிக்கோல் வாங்கி குடுத்தா, நல்ல கம்பெனி கத்தரிக்கோலு.

இப்ப கணக்கு பாத்தா, 95,000ல பன்னெண்டாவது டெஸ்ட்டுக்கும் கெமிஸ்ட்ரி மேடத்துக்கும் ஒரு 40,000 போட்டா தகும். மீதி 55,000 சனிக்கிழம ஒரு மணி நேரத்துக்கு தான் நான் குடுத்திருக்கேன், அந்த மனுஷனுக்கு சென்டர்ல மாசம் என்ன குடுத்தாங்கன்னு கேட்டா வயிறு எரியும், அதனால எழுதல. பேக்கேஜா கட்டாதீங்க, எந்த ஊரு சென்டரா இருந்தாலும் வருஷா வருஷம் கட்டுங்க, ஒன்பதாவதுல சேக்கவே வேணாம், அந்த காசுல பக்கத்துல தமிழ்ல கணக்கு சொல்லித்தர யாரையாவது பிடிங்க. சார் பண்ணதுல பாதி ஸ்கூல்லயே ஓசில கெடைக்குது, நான் முதல்வன் திட்டத்துல உயர்கல்வி வழிகாட்டின்னு ஒரு டீச்சர போட்டிருக்காங்க, ரிசல்ட்டு டைம்ல கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடத்தறாங்க, 14417க்கு போன் போட்டா சந்தேகம் சொல்றாங்க, எங்கயும் சேராம நின்னுட்ட புள்ளைங்களுக்கு உயர்வுக்குப் படின்னு தனியா ஒண்ணு. நாம தான் காசு குடுத்தா தான் பேச்சுக்கு மதிப்புன்னு நெனச்சிகிட்டு மாடி ஏறுறோம்.

என் பையன் இப்ப எட்டாவது, என்எம்எம்எஸ்ஸுக்கு படிச்சிகிட்டு இருக்கான். போன வாரம் அந்த ரிசப்ஷன் பொண்ணு போன் பண்ணுச்சு, தம்பிக்கு பழைய கஸ்டமர் ஆஃபர்க்கா, 90,000ன்னு. சனிக்கிழம சார் இருக்காரான்னு கேட்டேன். "அவரு நின்னுட்டாருக்கா, இப்ப அந்த ஹவர்ல ஒலிம்பியாட் போட்டிருக்கோம்"னுச்சு.

சரி கண்ணு, மெஷின் ஓடிட்டு இருக்குது, அப்பறம் பேசறேன்னு வெச்சிட்டேன்.